கைக்கு மீறியது

பப்பாளி இலை எத்தனை எடுக்க வேண்டும், கொழுந்தா முற்றியதா, காம்பை நீக்க வேண்டுமா, ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மழை விட்டு வெயில் ஏறும் வாரங்களில் கம்போங் மேடான் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், லோங்காங் என்ற வடிகால் ஓரமாகத் தானே முளைத்து நிற்கும் பப்பாளி மரங்கள் உச்சிக் குருத்து மட்டும் மிஞ்ச மொட்டையாகிவிடும். எந்த புளோக்கில் டிங்கி இறங்கியிருக்கிறது என்பதைச் சுகாதார இலாகா பதாகை கட்டும் முன்பே அந்த மரங்கள் சொல்லிவிடும். நடைபாதையில் கொசுப் புகையின் எண்ணெய் வாடை ஒரு பக்கம், மிக்சியில் அரைபடும் இலையின் பச்சைக் கசப்பு ஒரு பக்கம். கைப்பேசியில் வரும் செய்திகளில் அளவும் வேளையும் பிசகாமல் இருக்கின்றன. படிப்பவர் உடனே அடுப்படிக்கு எழுந்து போய்விடலாம். அந்தத் தெளிவு சில காலமாக என்னை உறுத்துகிறது. பொய்ச் செய்தி என்று தள்ளிவிட முடிந்தால் உறுத்தல் இருந்திராது. பல நேரம் அது மெய்யாகவே இருக்கிறது. மெய்யாக இருந்தும் அதிலிருந்து ஏதோ அறுந்து போயிருக்கிறது. அறுந்தது எது என்று கண்டுகொள்ளத்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

பப்பாளி இலையை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க இனி முடியாது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் டிங்கி நோயாளிகள் 228 பேரை வைத்துக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் செய்த சோதனையின் முடிவு 2013இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு 50 கிராம் இலையிலிருந்து எடுத்த சாறு, காலைச் சாப்பாட்டுக்குப் பின், தொடர்ந்து மூன்று நாள். சாறு குடித்தவர்களுக்கு பிளேட்லெட் விரைவாக ஏறியது. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. எங்கள் பின்கட்டில் நின்ற மரம் ஆய்விதழுக்குள் போய்விட்டது என்ற பெருமை. ஆனால் டிங்கியில் உயிர் போவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவதால் இல்லை. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் வெளியே கசிந்துவிட, ரத்த ஓட்டம் சரிந்து போவதால். அது நேரும் வேளைதான் கொடுமையானது: மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கி உடம்பு தணிந்து, வீட்டார் அப்பாடா என்று உட்காரும் நேரம். வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்காமல் எடுக்கிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா, பிள்ளை சோர்ந்து சுருண்டு கிடக்கிறதா என்று அப்போதுதான் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். கிள்ளானில் சாறு குடித்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்கள். நேரம் வைத்து ரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே பட்டியல் போட்டிருந்தார்கள். எங்கள் நடைபாதைக்கு வந்து சேர்ந்தபோது கட்டிலும் கணக்கும் பட்டியலும் உதிர்ந்து இலை மட்டும் வந்திருந்தது.

எங்கள் தோட்டத்து லயத்தில் கை வைத்தியம் தெரிந்த பெண்கள் பலர் இருந்தார்கள். என் பாட்டியும் ஒருத்தி. ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்த தண்ணீர், கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறு, நொச்சித் தழை போட்டு ஆவி, சுக்கை இழைத்து நெற்றிக்குப் பற்று, கட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சு, பிள்ளைகளுக்கு எப்போதாவது விளக்கெண்ணெய். இவற்றில் எதையும் யாரும் மறைத்து வைக்கவில்லை. லயத்துப் பிள்ளைகளே ஒப்பிக்கும். அப்படியிருக்க, பாட்டியைத் தேடி ஆட்கள் ஏன் வந்தார்கள்? பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு அவள் முதலில் பார்ப்பாள். உச்சிக்குழி உள்ளே விழுந்திருக்கிறதா என்று விரல் வைப்பாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு, மடிப்பு உடனே படிகிறதா நிற்கிறதா என்று கவனிப்பாள். கீழிமையை இழுத்து வெளுப்புப் பார்ப்பாள். வாயை மோந்து பார்ப்பாள். அழும் பிள்ளையை ஓய்த்துவிடாமல் கொஞ்சம் அழவிடுவாள், கண்ணீர் இறங்குகிறதா என்று தெரிவதற்காக. உடம்பில் நீர் வற்றியதை அறிய மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். பல நாள் ஓமத் தண்ணீரைக் கொடுத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி தூக்கி வரச் சொல்வாள். சில நாள் அடுப்பையே மூட்டமாட்டாள். "இது என் கைக்கு மீறினது புள்ள. தூக்கிட்டு ஓடு, டிரெஸ்ஸர எழுப்பு" என்பாள், தோட்டத்து மருத்துவ உதவியாளரை. அந்தத் தாய் கெஞ்சினாலும் ஒரு சொட்டு மருந்து தரமாட்டாள். மருந்து கொடுத்தால் அவர்கள் நின்று பார்ப்பார்கள், நின்று பார்த்தால் நேரம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய வைத்தியத்தில் கெட்டியான பகுதி அந்த மறுப்புதான் என்று இத்தனை காலம் கழித்து எனக்குத் தோன்றுகிறது. அவளிடமிருந்து நாங்கள் எழுதி வைத்துக்கொண்டது ஓமத் தண்ணீரை மட்டும்.

இப்படி எழுதியவுடனே இன்னொரு சந்தேகம் எழுந்து நிற்கிறது. அந்த மறுப்பு அவளுடைய ஞானமா, அவள் வாழ்ந்த இடம் அவள்மேல் போட்ட கோடா? தோட்டத்தில் நோய் என்பது உடம்பின் காரியம் மட்டும் இல்லை. விடிகாலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பேர் கொடுக்காதவனுக்கு அன்றைய கூலி இல்லை. காய்ச்சல் மெய்தான் என்று டிரெஸ்ஸர் சொன்னால் ஒரு கதை, சொல்லாவிட்டால் வேறு கதை. ஆகவே விடியுமுன் ஆளை எழுப்பி நிற்கவைப்பதுதான் பல வீடுகளில் சுக்குக் காப்பியின் வேலை. நோயாளியின் சுகத்துக்காகக் காய்ச்சியதைப் போலவே ரப்பர் பால் வாளிக்காகவும் அது காய்ச்சப்பட்டது. அதற்கும் முந்தைய தலைமுறைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் போனவர் திரும்பாத இடம். 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து ஊருக்குள்ளும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். தோட்டத்துக் கூலிகளுக்கு அந்த நன்மை வந்து சேரப் பல காலமாயிற்று. அதுவரை கொய்னாவின் கசப்பும் நிலவேம்பின் கசப்பும் ஒரே நாக்கில்தான் இறங்கின. டிரெஸ்ஸர் வீடு தொலைவு என்பதால் எத்தனை முறை பாட்டி சாதாரணமாக மறுத்திருக்க வேண்டிய பிள்ளைக்கும் மருந்து கொடுத்திருப்பாள்? கூலி போய்விடும் என்று எத்தனை தாய்மார் அவள் ஓடச் சொல்லியும் ஓடாமல் நின்றிருப்பார்கள்? அவளுடைய கோட்டில் அனுபவம் எவ்வளவு, இல்லாமை எவ்வளவு என்று பிரித்தெடுக்க நான் முயன்று பார்த்தேன். பிரியவில்லை. வறுமைக்கு இடையே வந்ததால் அந்த அறிவு பொய்யாகிவிடுமா என்றால், ஆகாது. வறுமையை மறந்துவிட்டு அறிவை மட்டும் கொண்டாடினால் அது பொய்யாகிவிடும்.

மருந்து என்று பேர் வைக்காமலேயே நம்மவர் கையில் இருந்த ஒன்றைப் பற்றி இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. புழுங்கல் அரிசி. மலாயாவில் அந்தக் காலத்தில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கால் வீங்கி, நரம்பு செத்து, நெஞ்சு விரிந்து சாவார்கள். சுரங்கங்களில் வேலை செய்த சீனரிடையே அது மிகுதி, தமிழரிடையே அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் தமிழர் சாப்பிடும் அரிசியில்தான் காரணம் இருக்கிறது என்று வாதாடி 1907இல் புத்தகமே எழுதினார். அதே சமயம் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசியும் ஒரு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரி விழுந்தது, சாவும் விழுந்தது. பிறகு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் சாலை வேலைக்கு வந்த ஜாவாக் கூலிகளை வைத்து அதை உறுதிசெய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்த காரணம். நெல் அவித்த பெண்களுக்குப் பெரிபெரி தெரியாது. அண்டாவிலிருந்து எழும் அந்தப் புளித்த ஆவி ஒரு நோயைத் தடுக்கிறது என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். எனக்கு இதில் மகிழ்ச்சியைவிடக் கலக்கம்தான் மிகுதி. அந்த விடுதியில் பச்சரிசிப் பக்கம் உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வழி இருந்ததா? சொல்லியிருந்தாலும் அதை நோயின் பிதற்றலாகத்தான் எடுத்திருப்பார்கள். பாட்டியால் மருந்தை மறுக்க முடிந்தது. அவர்களால் சோற்றை மறுக்க முடியவில்லை. நமக்கு நன்மையாய் வந்து சேர்ந்த தெளிவுக்கு அடியில் அந்தக் கணக்கும் கிடக்கிறது.

எழுதிவைத்தபோது எது மிஞ்சியது என்று வேறோர் இடத்திலும் தேடினேன். கை வைத்தியத்தை ஒரு தேசமே உட்கார்ந்து எழுதிவைத்தது அயர்லாந்தில். 1937 முதல் 1939 வரை 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டுகளில் எழுதினார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 740,000 பக்கங்கள். அதில் உள்ளூர் வைத்தியமும் ஒரு தலைப்பு. காஞ்சொறி போன்ற செடி பட்ட தடிப்புக்குப் பக்கத்திலேயே முளைக்கும் அகன்ற இலை, இருமலுக்குக் கடற்பாசிக் கஞ்சி, மார்ச்சளிக்கு வாத்துக் கொழுப்பு, கக்குவான் வந்த பிள்ளையைக் கழுதையின் வயிற்றுக்கடியில் நுழைத்தெடுப்பது, ஏழாவதாகப் பிறந்த மகனின் கை தொடுவது. அந்த நோட்டுகளின் சில பக்கங்களை நான் புரட்டியபோது நம் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான் தேடிய ஒன்று மட்டும் அந்தப் பக்கங்களில் என் கண்ணில் படவில்லை: யாரை, எப்போது, கைவிரித்து அனுப்பினார்கள் என்பது. பிள்ளைகளைக் கேட்கச் சொன்னது மருந்தைப் பற்றி, அவர்கள் மருந்தை எழுதினார்கள். ஆனால் அதே தீவின் வடபகுதியில், பெர்மானா மாவட்டத்து போஹோ என்ற சிற்றூரில், ஒரு தேவாலய முற்றத்து மண்ணைச் சிறு பொட்டலமாகக் கட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. 1815இல் இறந்த ஒரு பாதிரியாரின் கல்லறை மண். 2018இல் அதை ஆராய்ந்தவர்கள், பல மருந்துகளுக்கு அடங்காத சில கிருமிகளையும் அடக்கும் ஒரு நுண்ணுயிரை அதில் கண்டார்கள். உலகமே வியந்தது. என்னை நிறுத்தியது அந்தக் கண்டுபிடிப்புக்குப் பக்கத்தில் சொல்லப்படும் இன்னொரு விதி. ஒரு கரண்டிக்கு மேல் எடுக்கக் கூடாது. நாலாம் நாள் மண்ணைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அந்த நாலாம் நாள் தேவைப்படவில்லை. அந்த ஊர்த் தாய் ஒருத்திக்கு அது தேவைப்பட்டிருக்கும்: நாலு நாள் பார்த்தாயிற்று, இனி வேறு வழி தேடு என்று யாரோ அவளுக்காக முன்கூட்டியே முடிவு செய்துவைத்தது போல.

எல்லைகள் எல்லாமே நல்ல எல்லைகளாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். பிறந்த குழந்தைக்கு வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவுவது எங்கள் வீட்டிலும் உண்டு. அதன் வாசனை இன்றும் எனக்குத் தொட்டில் சேலையின் வாசனை. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று கண்டு, அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அப்படித்தான். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிடுகிறது. சளிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய் தேய்த்துப் பச்சைக் குழந்தைக்கு வலிப்பு வந்ததுண்டு. இவற்றிலெல்லாம் பாட்டிமார் கையில் அளவு இருந்தது, எல்லை இல்லை, ஏனென்றால் தீங்கு அவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. அம்மைக்கு மருந்தே கொடுக்காமல் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, வெளியாளை உள்ளே விடாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பது அருமையான ஒதுக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் காத்த ஒதுக்கம். அதே வழக்கம், மூச்சு வாங்கத் தொடங்கிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவிடாமல் வாசலில் நின்று மறித்ததும் உண்டு. ஆத்தாள் இருக்கும் உடம்பில் ஊசி போடக் கூடாது என்று மறித்தார்கள். மறுப்பிலும் உயிரைக் காக்கும் மறுப்பு, உயிரைத் தடுக்கும் மறுப்பு என்று இருக்கிறது. ஒன்றைப் போலவே மற்றதும் பாட்டியின் குரலில்தான் வரும்.

சீபீல்டு போன்ற தோட்டங்கள் சுபாங் ஜெயாவாக மாறின. பட்டணம் விழுங்கிய தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல கம்போங் மேடான் போன்ற இடங்களில் பலகை வீடு கட்டின, பிறகு அடுக்குமாடிகளுக்கு ஏறின. 2001 மார்ச்சில் இனக் கலவரத்தில் ஆறு உயிர்கள் போன இந்தச் சந்துகளில்தான் வைத்தியங்கள் வீட்டுக்கு வீடு தாண்டிக்கொண்டும் இருந்தன. பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்ணின் வயிற்றில் பெங்குங் துணியை இறுக்கிக் கட்டும் மலாய்க்கார அம்மா, சுளுக்கு எடுக்கும் இந்தோனேசியக் கிழவி, பாசார் மாலாமில் வல்லாரையையும் பூனை மீசையையும் கட்டுக் கட்டாக விற்பவர், எல்லார் அலமாரியிலும் கோடாலிச் சாப் எண்ணெய். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனால் திப்பிலியும் அதிமதுரமும் பொட்டலம் கட்டிக் கிடைக்கின்றன. பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவுசெய்ய 2016இல் சட்டமும் வந்தாயிற்று, சித்த வைத்தியம் உட்பட. மருந்து எங்கும் குறையவில்லை. குறைந்தது பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். பாட்டியால் மறுக்க முடிந்ததற்குக் காரணம், அவள் பெரட்டுக்குப் போகும் வயதைத் தாண்டியிருந்தாள். காலையில் பார்த்த பிள்ளையை விளக்கு வைக்கும் நேரம் மறுபடி பார்க்க அவளுக்குப் பொழுது இருந்தது. இன்று எங்கள் அடுக்குமாடியில் அந்த வயதுப் பெண்கள் கட்டடங்களைக் கூட்டப் போகிறார்கள், தாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, தகப்பன் லாரியில். காய்ச்சல் இறங்கும் அந்த ராத்திரியில் பிள்ளை பக்கத்தில் பத்து வயது அக்காதான் படுத்திருக்கிறாள். அவளுக்கு இலைச்சாற்றின் அளவு தெரியும். சுருண்டு கிடக்கும் தம்பியை ஏன் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எல்லையை அறிவது விழித்திருப்பவரால்தான் முடியும். விழித்திருக்கும் பொழுதைக் கூலிக்கு விற்றுவிட்ட வீடுகளுக்கு வெறும் செய்முறையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எனக்கு ஆபத்தாகப் படுகிறது.

ஆகவே எங்கள் பெரியவர்களிடம் இனி வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன கொடுத்தீர்கள் என்பதோடு, யாருக்குக் கொடுக்கவில்லை, எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்றும் கேட்க வேண்டும். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டியிடம் ஒருமுறை அப்படிக் கேட்டேன். வயிற்றுப்போக்குக்கு மாதுளைத் தோல் கஷாயத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்தினார். பிறகு, "அதெல்லாம் ஒன்னு கைய விட்டுப் போனதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. செய்முறையைச் சொல்லும்போது பிழைத்த பிள்ளை கூடவே வருகிறது, பெருமையாகச் சொல்லலாம். எல்லையைச் சொல்ல வேண்டுமென்றால் இறந்த பிள்ளையைச் சொல்ல வேண்டும். பாட்டி உச்சிக்குழியில் விரல் வைத்ததற்குப் பின்னாலும் குழி விழுந்த ஒரு தலை இருந்திருக்கும். அது யாருடையது என்று அவள் எங்களுக்குச் சொன்னதில்லை. மருந்து தலைமுறை தாண்டி வந்ததும் மறுப்பு வராமல் நின்றதும் மறதியால் இல்லை, துக்கத்தால். அந்தத் துக்கத்தைத் தோண்டிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்று இன்னும் தயங்குகிறேன். கேட்காமல் விட்டால், அவர்கள் ஒரு பிள்ளையைக் கொடுத்துக் கற்றதை இந்த அடுக்குமாடியில் வேறொரு தாய் இன்னொரு பிள்ளையைக் கொடுத்து முதலிலிருந்து கற்க வேண்டிவரும். அதனால் தயக்கத்தோடேயே கேட்கத்தான் போகிறேன். அந்தப் பாட்டி சொல்ல மறுத்தால் அதையும் மதிப்பேன்.